காக்கா ஆழியும் 658 எழுத்துகளும்

2025 ஜனவரி 6, பழவேற்காடு

விடிந்தும் விடியாமல் இறால் பொறுக்கும் பெண்களோடு தண்ணீரில் இறங்கினேன். எல்லோரும் இருளர் குடியிருப்பைச் சேர்ந்தவர்கள். வலை கிடையாது, படகு கிடையாது. இடுப்பளவு தண்ணீரில் உட்கார்ந்த வாக்கில் இரண்டு கையாலும் சேற்றைத் துழாவியபடி நகர்கிறார்கள். ஓலைப் பறியைப் பல்லில் கடித்துத் தொங்கவிட்டிருக்கிறார்கள். விரலுக்கு இறால் தட்டுப்பட்டதும் சேற்றோடு அமுக்கிப் பிடித்துப் பறிக்குள் போடுகிறார்கள். பகலில் இறால் சேற்றுக்குள் புதைந்து கிடக்கும் என்பதை நம்பி நடக்கிற தொழில் இது.

அந்தச் சேற்றைத்தான் இப்போது காக்கா ஆழி என்ற சிப்பி மூடிக்கொண்டிருக்கிறது. ஒரு ஆயா கையை நீட்டிக் காட்டினார். பத்து விரல் நுனியிலும் குறுக்கும் நெடுக்குமாகக் கீறல். சிலது காய்ந்து வெளுத்திருந்தது, சிலது நேற்றையது. மஞ்சள் பற்று நகக்கண்ணில் ஒட்டியிருந்தது. நடுவிரல் நகம் பாதி கறுத்துப் போயிருந்தது.

"முன்னாடி இங்க கை வெச்சா மெத்துனு இருக்கும் கண்ணு. இப்போ எங்க வெச்சாலும் அறுக்குது. எறா எங்க போய்ப் படுக்கும், சொல்லு?"

நானும் குனிந்து ஒரு கொத்தைப் பிடித்து இழுத்தேன். லேசில் வரவில்லை. ஒவ்வொரு ஆழியும் தன் அடியிலிருந்து நூல் விட்டுப் பக்கத்து ஆழியையும் கீழே இருக்கும் களியையும் பிடித்துக்கொள்கிறது. தேங்காய் நார் மாதிரி பழுப்பு நிறம், அதே முறுக்கு. பிய்த்தெடுத்தபோது கையகலக் கொத்தில் எண்ணி மாளாத சிப்பிகள். கறுப்பு, காப்பிப் பழுப்பு, பச்சை கலந்த பழுப்பு, சிலதில் அலை அலையாக வரி. ஒன்றைப் பிளந்தால் உள்ளே ஊதா.

"இது நம்மூரு இல்ல" என்று ஆயா சொன்னார். எத்தனை வருடமாகப் பார்க்கிறார் என்று கேட்டதற்கு, எண்ணூர்ப் பக்கம் இருக்கும் சொந்தக்காரர்கள் முதலில் சொன்னார்கள், பிறகு இங்கேயும் வந்துவிட்டது என்றார். தெற்கிலிருந்து வடக்கே வந்தது என்ற அந்தத் தகவலை அப்படியே எழுதி வைக்கிறேன். ஆய்வுக் கட்டுரைக்குப் போகிற மாதிரியான தகவல் அது.

2025 ஜனவரி 7

இனம் இன்னதென்று கண்ணால் பார்த்தே சொல்ல முடியாதா என்று நான் தங்கியிருக்கும் வீட்டு அக்கா கேட்டார். நியாயமான கேள்வி.

வளர்ந்த சிப்பியைப் பார்த்தால், பழகியவர்களுக்குப் பெரும்பாலும் சொல்லிவிட முடியும். ஆனால் இந்த உயிரினம் உலகம் முழுக்க ஆட்களைக் குழப்பியிருக்கிறது. நிறம் ஒன்றுக்கொன்று ஒத்துப்போவதில்லை. சின்ன வயதில் பச்சை ஆழியின் குஞ்சுபோலத் தெரியும். வரி விழுந்தது ஆசியாவிலேயே உள்ள இன்னொரு சிறு ஆழியை ஒத்திருக்கும். நம் கடற்கரையில் ஏற்கெனவே வந்து குடியேறிய அமெரிக்கச் சிப்பி இனம் ஒன்று உண்டு. மிட்டிலாப்சிஸ் என்று பெயர், 1967-இல் விசாகப்பட்டினம் துறைமுகத்தில் கண்டுபிடித்தார்கள். அதுவும் கறுப்பு, அதுவும் கொத்துக் கொத்தாக ஒட்டும்.

நம்மிடம் இருப்பதாகக் கருதப்படுவது மைட்டெல்லா ஸ்ட்ரிகாட்டா. மத்திய, தென் அமெரிக்காவின் இரண்டு பக்கக் கடற்கரையும் அதன் சொந்த ஊர். 1843-இல் ஹான்லி வைத்தது இந்தப் பெயர். பின்னால் தோர்பிஞி வைத்த சர்ருவானா என்ற பெயரில்தான் நெடுநாள் புழங்கியது. இரண்டும் ஒன்றே என்றானதால் மூத்த பெயர் நின்றது. ஆனாலும் பழைய ஆய்வுகளைத் தேடுகிறவர் இரண்டு பெயரிலும் தேடியாக வேண்டும்.

நம் பக்கத்துக்கு வந்த வரிசை இது: 2014 வாக்கில் பிலிப்பைன்ஸின் மணிலா விரிகுடா, 2016-இல் சிங்கப்பூரின் ஜொகூர் நீரிணை, பிறகு தாய்லாந்து. 2019-இல் கேரளத்திலிருந்து இரண்டு கட்டுரைகள் வந்தன. ஒன்று கொச்சிக் காயலைப் பற்றியது, மற்றது பிஜு குமார் குழுவினர் கேரளக் கடற்கரை பற்றி எழுதியது. இரண்டாவதன் தலைப்பிலேயே அஷ்டமுடிக் காயல் மீனவர்களின் பிழைப்பு என்னாகும் என்ற கேள்வி இருந்தது. நிலைத்த மீன்பிடிப்புக்கான எம்.எஸ்.சி. சான்றை 2014-இல் இந்தியாவிலேயே முதலில் வாங்கியது அந்த அஷ்டமுடியின் மட்டித் தொழில். அங்கே இதை வரத்தன் கக்கா என்கிறார்கள்.

இவ்வளவு தெரிந்த பிறகும் டி.என்.ஏ. எதற்கு? அரசுக்கும் தீர்ப்பாயத்துக்கும் கொடுக்கும் தாளில் "பார்த்தால் அப்படித் தெரிகிறது" என்று எழுதினால் எதிர்த்தரப்பு முதல் நிமிடத்தில் கேள்வி கேட்கும். பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு வரை இந்த விவகாரம் போயிருக்கிறது. பழவேற்காட்டின் எந்தக் குப்பத்தில், எந்தத் துறையில் எடுத்தது எது என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்ல வேண்டும். நான் செய்ய நினைப்பது அவ்வளவுதான்.

2025 ஜனவரி 9

மாதிரி எடுக்கும் வேலை. அண்ணன் ஒருவரின் ஃபைபர் படகில் போனோம். இந்த ஏரியில் அடி எங்கே மணல், எங்கே களி என்பதைக் கழியை ஊன்றும்போது கிடைக்கும் உணர்விலேயே சொல்லிவிடுகிறார். இப்போது மூன்றாவதாக ஒன்றும் சொல்கிறார்: "இங்க ஆழி." கழி நுனி கறகறவென்று உரசும்.

முகத்துவாரத்தின் உள்பக்கம், லைட்ஹவுஸ் குப்பம் எதிரே, பசியாவரத்தைச் சுற்றி, கோட்டைக்குப்பம் படகுத்துறை, பக்கிங்ஹாம் கால்வாய் காட்டுப்பள்ளிப் பக்கமாகத் திரும்பும் இடம் என்று தெற்கு ஏரியில் பல இடங்களில் எடுத்தோம். ஏரியின் பெரும்பகுதி ஆந்திரத்தில் இருக்கிறது, அங்கே போகவில்லை.

போன மாதம் நல்ல மழை. நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல், பிறகு டிசம்பரிலும் விடாமல் பெய்தது. ஆரணியாற்று வெள்ளம் ஏரிக்குள் வந்து உப்பைக் கரைத்துவிட்டது. உப்பு குறைந்ததால் காக்கா ஆழி செத்திருக்கும் என்று ஒரு நம்பிக்கை இருந்தது. சாகவில்லை. இந்த இனத்தின் வலிமையே அதுதான். ஆற்றுத் தண்ணீருக்குப் பக்கத்தில் உள்ள உப்பையும் தாங்கும், கடலுக்குப் பக்கத்தில் உள்ளதையும் தாங்கும். மாற்றம் மெல்ல நடந்தால் இன்னும் அதிகம் தாங்கும் என்று ஃப்ளோரிடாவில் சோதித்துக் காட்டியிருக்கிறார்கள். மழையில் நன்னீர்போலவும் கோடையில் கடலைவிடக் கரிப்பாகவும் மாறும் இந்த ஏரியில் உள்ளூர் மட்டிகளே திணறுகின்றன.

ஓர் இடத்தில் பாடு வலைக்கு நட்டிருந்த கம்பைப் பிடுங்கிக் காட்டினார். தண்ணீருக்குள் இருந்த பகுதி முழுக்க ஆழி. இங்கே பாடு என்பது முறை வைத்து மீன்பிடிக்கும் உரிமை. இன்ன நாளில் இன்ன தலைக்கட்டு இன்ன இடத்தில் வலை போடலாம் என்று ஊர்ப் பஞ்சாயத்து வகுத்திருக்கிறது. வந்த முறையில் இறால் விழவில்லையென்றால் அடுத்த முறை வரும்வரை கை பிசைய வேண்டியதுதான். "நம்ம முறை வர்றப்போ வலை கிழியுது, ஆழி கொத்தோட மேல வருது, அதை உதறவே பொழுது போகுது" என்றார். வலை உதறும் நேரம் எந்தக் கணக்கிலும் சேராத நஷ்டம். இதுவரை வந்த அறிக்கைகளில் இதைப் பற்றி ஒரு வரிகூட நான் படித்ததில்லை.

2025 ஜனவரி 10

இரவு பதினொன்று. அக்கா வீட்டுத் திண்ணையில் பழைய செய்தித்தாள் விரித்து வெட்டி முடித்தேன். பிளேடு, இடுக்கி, சின்னக் குப்பிகள், 95 விழுக்காடு ஆல்கஹால். ஃபார்மலின் கூடாது. உடல் கெடாமல் இருக்கும், ஆனால் டி.என்.ஏ. உடைந்து பிணைந்து படிக்க முடியாமல் போகும். அருங்காட்சியகங்களில் பல தலைமுறையாக ஃபார்மலின் ஜாடிக்குள் இருக்கும் எத்தனையோ உயிரினங்களிடம் இன்று இந்தக் கேள்வியைக் கேட்பது பெரும்பாடு.

எந்தச் சதையை வெட்டுவது என்பதில்தான் இன்றைய கவனமெல்லாம். இதை விரிவாக எழுதி வைக்கிறேன். அடுத்து இந்த வேலையைச் செய்ய வருகிறவருக்கு உதவும்.

உயிரணுவுக்குள் கருவுக்கு வெளியே இருக்கும் மைட்டோகாண்ட்ரியாவுக்குத் தனி டி.என்.ஏ. உண்டு. சின்ன வளையம். ஓர் உயிரணுவில் நூற்றுக்கணக்கில், ஆயிரக்கணக்கில் பிரதிகள் இருப்பதால் கொஞ்சம் சதை இருந்தாலும் கிடைத்துவிடும். அதில் சி.ஓ.ஐ. என்று ஒரு மரபணு. அதன் ஒரு பகுதியைப் படித்தால் பெரும்பாலான விலங்குகளை இனம் பிரிக்கலாம் என்று கனடாவின் குவெல்ஃப் பல்கலைக்கழகத்தில் பால் ஹீபர்ட் குழு 2003-இல் முன்வைத்தது. வழக்கமாகப் படிப்பது 658 எழுத்துகள். அந்தப் பகுதியைப் பிடித்துப் பெருக்கத் தேவையான இரண்டு முனைத் துண்டுகளை ஃபோல்மர் குழுவினர் 1994-இலேயே முதுகெலும்பில்லாத உயிரினங்களுக்காக வடிவமைத்திருந்தார்கள். இன்றும் நாங்கள் அவற்றைத்தான் வாங்குகிறோம்.

விலங்குகளில் மைட்டோகாண்ட்ரியா தாயிடமிருந்து மட்டுமே பிள்ளைக்கு வரும் என்று படித்திருக்கிறோம். இந்த ஆழிக் குடும்பத்தில் பல இனங்களில் அப்படியில்லை. தாய் தன்னுடையதை எல்லாப் பிள்ளைகளுக்கும் தருகிறது. தகப்பனும் தன்னுடையதைத் தருகிறது, ஆனால் ஆண் பிள்ளைகளுக்கு மட்டும். அது ஆணின் விந்துப் பகுதியில் தங்கிவிடுகிறது. ஆக ஓர் ஆண் ஆழிக்குள் இரண்டு வம்சாவளி மைட்டோகாண்ட்ரியா. இரண்டும் பன்னெடுங்காலமாகத் தனித்தனியே மாறி வந்ததால், வேற்று இனமோ என்று நினைக்கும் அளவுக்கு எழுத்துகள் விலகியிருக்கலாம். மைட்டெல்லாவிலும் இப்படி இருப்பதற்கான தடயங்களைப் பிரேசில் ஆய்வாளர்கள் 2012-இல் வெளியிட்டார்கள். ஆழியில் இனப்பெருக்கச் சதை மேலுறை மடிப்புக்குள் பரவிக் கிடக்கும். மேலுறையை வெட்டினால் தகப்பன் வழி எழுத்து வந்து நிற்க வாய்ப்புண்டு. அதனால் சிப்பியை இழுத்து மூடும் தசை, அல்லது பாதம். இன்று வெட்டியதெல்லாம் அந்தத் தசைதான். ஒவ்வொன்றும் ஓர் அரிசியளவு.

அக்கா மகள், எட்டாம் வகுப்பு, டார்ச் பிடித்துக்கொண்டு பக்கத்தில் இருந்தாள். குப்பிகளுக்கெல்லாம் அவள் கையெழுத்தில்தான் பென்சில் சீட்டு. பேனா மை ஆல்கஹாலில் கரைந்துவிடும் என்றதும் எழுதியிருந்த சீட்டுகளைக் கிழித்துவிட்டு மறுபடி எழுதினாள். சிப்பியின் மேலோடுகளையும் அதே எண் போட்டுத் தனியே கட்டி வைத்தோம். எழுத்து வந்த பிறகு ஓட்டோடு ஒப்பிட முடியவில்லையென்றால் பாதி வேலை வீண்.

2025 ஜனவரி 12

கூடப் படித்த தோழி ஒருத்தி பழ ஈக்களில் வேலை பார்க்கிறாள். இன்று நீண்ட நேரம் பேசினோம். மைட்டோகாண்ட்ரியா வழியாகப் பூச்சி இனம் காண்பதில் அந்தத் துறையினருக்கு நிறைய அனுபவம் உண்டு. அவர்கள் பட்ட பாடு எனக்குப் பாடம்.

மாம்பழத்தை அறுத்தால் நெளியும் புழு எந்த ஈயுடையது என்று புழுவைப் பார்த்துச் சொல்வது மிகவும் கடினம். நம் நாட்டு மாம்பழத்தைத் தாக்கும் டார்சாலிஸ், சொனாட்டா, கரெக்டா மூன்றின் புழுக்களும் வெறும் கண்ணுக்கு ஒன்றுபோலவே இருக்கும். மூன்றின் ஆண் ஈக்களும் ஒரே மெத்தில் யூஜினால் பொறியில் வந்து விழும். வளர்த்து ஈயாக்கிப் பார்க்கலாம், ஆனால் ஏற்றுமதிச் சரக்கு துறைமுகத்தில் அதுவரை காத்திருக்காது. 2014 மே மாதம் ஐரோப்பிய ஒன்றியம் இந்திய மாம்பழத்தை நிறுத்தியது நினைவிருக்கும். பழ ஈதான் முக்கியக் காரணம். அடுத்த ஆண்டுதான் தடை நீங்கியது. புழுவிலிருந்து ஒரு துணுக்கு எடுத்துச் சி.ஓ.ஐ. படித்தால் ஓரிரு நாளில் பெயர் தெரியும்.

ஆனால் அவள் சொன்ன இன்னொன்றுதான் இரவெல்லாம் மனதில் ஓடுகிறது. 2003-இல் கென்யாவில் ஒரு ஈ புதிதாக நுழைந்து ஆப்பிரிக்காவெங்கும் பரவியது. 2005-இல் அதைப் புது இனமென்று அறிவித்து இன்வாடென்ஸ் என்று பெயர் வைத்தார்கள். பத்தாண்டு கழித்து, 2015-இல், உருவம், மரபணு, இணைசேர்க்கை, வாசனை எல்லாவற்றையும் சேர்த்து ஆராய்ந்து, அது நம் டார்சாலிஸேதான் என்று முடிவு செய்தார்கள். பெயர் ஒன்றானதும் தடை விதிகளும் சந்தைகளும் மாறின. அதே குடும்பத்தில் கரம்போலே என்று இன்னொரு ஈ உண்டு. அது நிஜமாகவே தனி இனம், ஆனால் மைட்டோகாண்ட்ரியா எழுத்தை மட்டும் வைத்து டார்சாலிஸிலிருந்து அதை உறுதியாகப் பிரிக்க முடியாது. கருவின் டி.என்.ஏ.வையும் பார்க்க வேண்டும்.

ஆக 658 எழுத்தைப் படித்துவிட்டேன் என்பதாலேயே எல்லாம் முடிந்ததாக ஆகாது. சிப்பியின் ஓடும் அதன் எழுத்தும் ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போகாத இடத்தில் தாமதிக்கத் தெரிய வேண்டும்.

2025 ஜனவரி 14

பொங்கல். குப்பிகள் அக்கா வீட்டு ஃப்ரிட்ஜில், பால் பாத்திரத்துக்குப் பக்கத்தில். நாளை மறுநாள் சென்னை.

2025 ஜனவரி 17, சென்னை

சதையைப் பொடியாக நறுக்கிப் புரோட்டினேஸ் கே சேர்த்து 56 டிகிரியில் கரைய விட்டேன். ஆழிச் சதையில் கொழகொழப்பு அதிகம். அந்தச் சளிப்பொருள் டி.என்.ஏ.வோடு கூடவே வந்து அடுத்த கட்ட வேலையைத் தடுக்கும். ஒருமுறை கூடுதலாகக் கழுவியதும் தெளிந்தது.

பிறகு பி.சி.ஆர். சூடு ஏற்றினால் டி.என்.ஏ.வின் இரு இழை பிரியும், இறக்கினால் முனைத் துண்டுகள் வந்து ஒட்டும், நடுச்சூட்டில் புது இழை வளரும். இதையே முப்பத்தைந்து சுற்று. மாலை ஜெல்லில் ஓடவிட்டு நீல வெளிச்சத்தில் வைத்தபோது 700-க்குச் சற்று மேலே ஒளிக்கோடுகள் நின்றன. பசியாவரத்து மாதிரியில் ஒன்று மங்கலாக இருந்தது, அதை மறுபடி செய்ய வேண்டும். மற்றவை எழுத்து வாசிப்புக்குப் போகின்றன.

இங்கே ஒரு குறை என் மனதில் உறுத்திக்கொண்டே இருக்கிறது. இந்தச் சோதனைக்குத் தேவையான கருவிகள் இன்று பெரிய ரகசியமல்ல. பல கல்லூரிகளில் பி.சி.ஆர். இயந்திரம் இருக்கிறது. ஆனால் பழவேற்காட்டில் ஒரு மீனவர் வலையில் தெரியாத உயிரைப் பார்த்தால் அதை யாரிடம் கொடுப்பது, எத்தனை நாளில் பதில் வரும் என்பதற்கு ஒரு வழி கிடையாது. மனு எழுதலாம். மனுவோடு குப்பியும் கொடுக்கிற ஒரு இடம் வேண்டும்.

2025 ஜனவரி 24

எழுத்துகள் வந்துவிட்டன. கணினித் திரையில் நான்கு வண்ண மலைமுகடுகளாக ஓடுகின்றன: ஏ, டி, ஜி, சி. இரண்டு முனைகளிலும் தெளிவில்லாத பகுதியை வெட்டிவிட்டு நடுவில் உள்ளதை எடுத்துக்கொண்டேன். முதலில் புரதமாக மொழிபெயர்த்துப் பார்த்தேன். இடையில் நிறுத்தக் குறி எதுவும் விழவில்லை. அப்படி விழுந்திருந்தால், கருவின் டி.என்.ஏ.வுக்குள் எப்போதோ ஒட்டிக்கொண்ட பழைய பிரதி வந்திருக்குமோ என்று சந்தேகிக்க வேண்டியிருக்கும்.

உலகப் பொதுத் தொகுப்பான ஜென்பேங்கில் ஒப்பிட்டேன். மைட்டெல்லா ஸ்ட்ரிகாட்டா. ஜொகூர் நீரிணைப் பதிவுகளோடும், பழைய சர்ருவானா பெயரில் கிடக்கும் ஃப்ளோரிடாப் பதிவுகளோடும் நெருங்கிப் பொருந்துகிறது. பச்சை ஆழி எங்கோ தொலைவில், மிட்டிலாப்சிஸ் அதைவிடத் தொலைவில். ஓடுகளைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். கறுப்பு, பழுப்பு, வரி போட்டது மூன்றும் ஒரே இனம். நிறம் பார்த்து மூன்று வகை வந்திருப்பதாகச் சில குப்பங்களில் பேசிக்கொண்டார்கள், அந்தச் சந்தேகம் தீர்ந்தது.

அண்ணனுக்கு ஃபோன் போட்டுச் சொன்னேன். "இது அமெரிக்காவுலேர்ந்து வந்த சாதிதான்னு உறுதியாய்டுச்சு அண்ணா." சற்று நேரம் பேச்சில்லை. பிறகு, "நாங்க சொன்னப்போ யாரும் எழுதிக்கல. இப்போ எழுதிக்குவாங்களா?" என்றார்.

2025 ஜனவரி 25

அவர் கேள்வி ஒருபுறம். எந்தக் கப்பல் கொண்டுவந்தது என்று ஊரில் கேட்பார்கள், அதற்கு என்ன பதில் சொல்வது என்று இன்று முழுக்க யோசித்தேன்.

சரக்கில்லாத கப்பல் சாயாமல் இருக்கக் கடல்நீரை நிரப்பிக்கொள்ளும், போன இடத்தில் வெளியே விடும். அந்தத் தண்ணீரில் ஆழியின் லார்வாக்கள் வரும். கப்பலின் அடிப்பலகையில் ஒட்டிக்கொண்டும் வரும். இதைக் கட்டுப்படுத்தும் சர்வதேச ஒப்பந்தம் 2004-இல் எழுதப்பட்டு 2017 செப்டம்பர் 8-இல்தான் நடைமுறைக்கு வந்தது. எண்ணூரில் துறைமுகம் 2001-இலிருந்து இயங்குகிறது. இந்தக் கால வரிசை சந்தேகத்துக்கு இடம் தருகிறது. ஆனால் 658 எழுத்தில் கப்பலின் பெயர் இருக்காது.

எழுத்து வேறொன்றைச் சொல்லக்கூடும். ஃப்ளோரிடாவில் இந்த ஆழியின் சி.ஓ.ஐ.யைப் படித்து 2009-இல் ஒரு கட்டுரை வந்தது. வந்தேறிய கூட்டத்தில், சொந்த ஊர்க் கூட்டங்களில் இருப்பதைவிட அதிக வகை எழுத்துகள் கிடைத்தன. ஒரே தடவை, ஒரே இடத்திலிருந்து வந்திருந்தால் அப்படி இருக்காது. பல இடங்களிலிருந்து பலமுறை வந்து கலந்திருக்கிறது. எண்ணூரிலிருந்து முகத்துவாரம் வரை நிறைய மாதிரி எடுத்தால் நம் ஏரியிலும் அதைச் சோதிக்கலாம். ஒருமுறை வந்ததா, இன்னும் வந்துகொண்டிருக்கிறதா? ஆழியை அகற்றும் திட்டத்துக்குப் பணம் ஒதுக்குகிறவர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான் என்பது என் கருத்து. கதவைத் திறந்து வைத்துக்கொண்டு அடியைச் சுரண்டுவதில் பொருளில்லை.

அதே ஃப்ளோரிடாவின் இன்னொரு செய்தியும் குறித்து வைக்க வேண்டியது. 1986-இல் ஜாக்சன்வில்லில் ஒரு மின் நிலையத்தின் கடல்நீர்க் குழாய்களில் இது முதலில் தென்பட்டது. அடுத்து வந்த குளிர்காலத்துக்குப் பின் காணாமல் போனது. பல ஆண்டு கழித்து மறுபடி வந்தது. அந்தக் குளிர் பழவேற்காட்டில் அடிக்கப் போவதில்லை.

துடைத்தெறிந்த கதையும் ஒன்று உண்டு. 1999-இல் ஆஸ்திரேலியாவின் டார்வினில் மிட்டிலாப்சிஸ் நுழைந்தபோது, படகுத்துறைகளின் மதகை மூடிக் குளோரினும் தாமிர சல்பேட்டும் கொட்டிச் சில வாரத்தில் ஒழித்தார்கள். மதகு இருந்தது, மிகச் சீக்கிரம் கண்டுபிடித்தார்கள். இங்கே ஆறும் கால்வாயும் கடலும் கலக்கும் திறந்த ஏரி. மருந்து கொட்டினால் முதலில் சாவது இறால்தான். அதனால் இங்கே கையாலும் எந்திரத்தாலும் அள்ளுவது தவிர வழியில்லை. எந்த மாதத்தில் அள்ளுவது என்று தெரிய, லார்வா எப்போது தண்ணீரில் மிதக்கிறது என்று தெரிய வேண்டும். புழுவில் ஈயைப் பிரிக்க முடியாத அதே கதை இங்கேயும்: சிப்பி இனங்களின் லார்வாக்களை நுண்ணோக்கியில் பிரிப்பது பெரும் சிரமம், எழுத்தைப் படித்தால் பிரியும்.

2025 ஜனவரி 29, பழவேற்காடு

தை அமாவாசை. தொழிலுக்குப் போகாத ஆட்கள் நிறையப் பேர் இருந்ததால் கோயில் மண்டபத்தில் உட்கார்ந்து பேச முடிந்தது. ஒரு பக்கத் தாள் தமிழில் எழுதிக் கொண்டுபோயிருந்தேன். எங்கெங்கே எடுத்தது, என்ன இனம், எப்படித் தெரிந்தது, எதைச் சொல்ல முடியாது.

கேள்விகள் குவிந்தன. தின்னலாமா? தென் அமெரிக்காவில் இதைத் தின்கிறவர்கள் உண்டு. ஆனால் ஆழி தண்ணீரை வடிகட்டித் தின்னும் உயிர், தண்ணீரில் உள்ள உலோகம் அதன் சதையில் சேரும். எண்ணூர்க் கழிமுகத்தில் சாம்பல் கலந்த நீர் பல ஆண்டாக ஓடியிருக்கிறது. சோதிக்காமல் தின்னச் சொல்ல மாட்டேன் என்றேன். பட்டினி போட்டால் சாகுமா? தீனி குறைந்தால் பெண் ஆழி ஆணாக மாறக்கூடும் என்று ஆய்வகத்தில் கண்டிருக்கிறார்கள், அவ்வளவு எளிதில் ஒழியாது என்றேன். சுண்ணாம்புக்கு ஆகுமா? பெரியவர் ஒருவர் ஓட்டை விரலால் நொறுக்கிப் பார்த்து, "காகிதம், இதுல இன்னா சுண்ணாம்பு" என்று அவரே முடித்துவிட்டார்.

பஞ்சாயத்தார் தாளில் கையெழுத்துப் போட்டு, அரசுக்குக் கொடுக்கும் தங்கள் மனுவோடு இணைப்பதாகச் சொன்னார்கள். மாதாமாதம் லார்வா பிடிக்கச் சின்ன வலையை இழுத்துத் தர இரண்டு இளைஞர்கள் முன்வந்தார்கள். குப்பிச் சீட்டு வேலை அக்கா மகளுக்கு.

2025 ஜனவரி 30

காலையில் இருளர் குடியிருப்புக்குப் போனேன். நேற்றைய கூட்டத்தில் அவர்கள் யாரும் இல்லை. பாடு முறையில் பங்கில்லாதவர்களுக்கு அந்த மண்டபத்தில் இடமில்லை என்பது எழுதப்படாத விதி. ஆனால் ஆழியால் அன்றாடம் கை அறுபடுகிறவர்கள் அவர்கள். மனுவில் வரும் இடப்பெயர்களெல்லாம் வலை போடும் இடங்கள். கையால் பொறுக்கும் ஆழமில்லாத சேற்றுப் பகுதி ஒன்றுகூட அதில் இல்லை. அங்கே நான் குப்பி எடுத்துப் போகவில்லை, படகு போகும் இடமாகத்தான் எடுத்திருந்தோம்.

ஆயா கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு, "எங்க எடத்தையும் எழுதிக்கோ கண்ணு. நான் காட்டறேன்" என்றார். தரையில் குச்சியால் கோடு போட்டார். எங்கே முன்பு வெள்ளை இறால் கிடைத்தது, எங்கே நண்டு, எந்த ஓடையில் ஆழி இன்னும் ஏறவில்லை என்று ஓரிடம் விடாமல் சொன்னார். ஆழி இன்னும் ஏறாத அந்த ஓடைகள் எனக்கு மிக முக்கியம். அள்ளும் வேலையை அங்கிருந்து தொடங்கினால் அவற்றையாவது காப்பாற்றலாம். புதிதாக ஒரு குஞ்சு ஒட்டினாலும் முதலில் தெரிவதும் இந்தப் பெண்களின் விரலுக்குத்தான்.

அந்தக் கோடுகளையெல்லாம் நோட்டில் வரைந்துகொண்டேன். மனுவின் இடப்பட்டியலில் இந்த ஓடைகளைச் சேர்க்கும்படி பஞ்சாயத்தாரிடம் மாலையே பேசினேன். யோசித்துவிட்டு, சேர்க்கலாம் என்றார்கள். அடுத்த பௌர்ணமிக்கு முன்னால் ஆயாவும் அவர் மருமகளும் என்னோடு வருகிறார்கள். பறியோடு ஆளுக்கு ஒரு குப்பியும் கொண்டுபோகலாம் என்று பேசி வைத்திருக்கிறோம். கூலி எவ்வளவு என்பதையும் முன்கூட்டியே பேசி எழுதிக்கொண்டேன்.